‘நான்’ என்று சொல்லவும் வயது தெரிய வேண்டும்

[திரையில்: இரண்டு இளைஞர்கள் ஒருவருக்கொருவர் தலைதாழ்த்தி வணங்குகிறார்கள்]

சியோல் நகரம். இருவர் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். பெயர் சொல்லியாயிற்று. சற்று நேரத்திலேயே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: “எந்த வருஷம் பிறந்தீங்க?”

வெளியாளுக்கு இது துருவி விசாரிப்பதுபோலத் தெரியும். ஆனால் பதில் தெரியாமல் அவர்களால் இயல்பாகப் பேச்சைத் தொடர முடியாது. யாரிடம் பேசுகிறோம் என்பதைக் கொரிய வினைச்சொல்லின் விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். மரியாதைப் பேச்சுக்கு ஒரு விகுதி. நெருக்கமான பேச்சுக்கு வேறொன்று. இந்த நெருக்கப் பேச்சுக்குப் பெயர் ‘பன்மால்’.

ஒரே ஆண்டில் பிறந்தவர் என்றால் ‘சிங்கு’, அதாவது நண்பர். ஒரு வயது கூடினாலும் உறவுமுறைதான். மூத்த ஆணைத் தம்பி ‘ஹியோங்’ என்பான், தங்கை ‘ஓப்பா’ என்பாள். அழைக்கப்படுபவர் ஒருவரே, அழைப்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. நாம் இளையவரைத் ‘தம்பி’ என்று வாஞ்சையோடு கூப்பிடுவோமே, கொரிய வழக்கில் அது பொதுவாக இல்லை. இளையவருக்குப் பெயர்தான். உறவுச்சொல் கீழிருந்து மேலே மட்டும் போகிறது.

வயதைக் கணக்கிடும் முறையும் அங்கே தனி. பிறந்தவுடனே ஒரு வயது. பிறகு ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். டிசம்பர் 31-ல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது! 2023 ஜூன் 28 முதல் சட்டப்படியான கணக்கு உலக வழக்குக்கு மாறிவிட்டது.

[திரையில்: ஒரு பெண், மூன்று வெவ்வேறு மனிதர்கள் எதிரே]

வியட்நாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே வயதுக்கேற்ப ‘நீ’ மட்டும் மாறுவதில்லை, ‘நான்’ என்பதும் மாறுகிறது.

முப்பது வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வயதுக்காரியிடம் பேசும்போது தன்னைச் ‘சி’ என்று சொல்லிக்கொள்வாள். அதாவது அக்கா. நாற்பது வயதுக்காரரிடம் ‘எம்’, இளையவள். எழுபது வயதுப் பெரியவரிடம் ‘சாவ்’, பேத்தி. ‘தோய்’ என்ற பொதுவான ‘நான்’ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பழகியவர்களிடம் அதைச் சொன்னால் விலகி நிற்பதுபோல் ஆகிவிடும்.

இது நமக்கு முற்றிலும் அந்நியமா? “அக்கா சொல்றேன், கேளு” என்று யாரும் சொல்லி நாம் கேட்டதில்லையா? நம் பேச்சில் எப்போதாவது வருவது, அவர்கள் பேச்சில் நாள் முழுக்க வருகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் தமிழருக்குச் சட்டென்று பிடிபடும். தெரியாத ஒருவர் தன் அப்பாவைவிட இளையவராகத் தெரிந்தால் ‘சூ’, மூத்தவராகத் தெரிந்தால் ‘பாக்’. நம் சித்தப்பாவும் பெரியப்பாவும்தான்! ஹோ சி மின்னை அவர் நாட்டு மக்கள் ‘பாக் ஹோ’ என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அது ‘அங்கிள் ஹோ’ ஆனபோது அந்த மூத்த இடம் தொலைந்துபோனது. ‘பெரியப்பா ஹோ’ என்று சொல்லிப் பாருங்கள், அந்தச் சொல்லின் எடை தெரியும்.

நைஜீரியாவின் தென்மேற்கில் பேசப்படும் யோருபாவில் உடன்பிறந்தோருக்கான சொற்கள் ஆணா பெண்ணா என்று பார்ப்பதே இல்லை. மூத்தவர் ஒரு சொல், இளையவர் ஒரு சொல். மூத்தவரிடம் பேசும்போது, நம் ‘நீங்கள்’ போலப் பன்மையில்தான் பேச வேண்டும்.

ஜப்பானில் ‘சென்பாய்’ என்ற சொல் பிறந்த ஆண்டைவிடச் சேர்ந்த ஆண்டையே பார்க்கிறது. பள்ளியிலோ வேலையிலோ உங்களுக்கு முன் வந்தவர் உங்கள் சென்பாய்.

[திரையில்: ஐரோப்பிய வரைபடம்]

ஐரோப்பாவில் உறவுச்சொல்லுக்குப் பதில் பிரதிப்பெயர் அந்த வேலையைச் செய்கிறது. ஜெர்மனில் நெருக்கத்துக்கு ‘டூ’, மரியாதைக்கு ‘ஸீ’. பழகிய பிறகு ‘டூ’வுக்கு மாறலாம். ஆனால் “இனி டூ என்றே பேசலாமே” என்று சொல்லும் உரிமை பொதுவாக மூத்தவருடையது. இளையவர் காத்திருக்க வேண்டும். எனக்கு இந்த வழக்கத்தின்மேல் மதிப்பு உண்டு. மேலே இருப்பவர்தானே இறங்கி வந்து கதவைத் திறக்க வேண்டும்?

ஸ்வீடன் அந்தக் கதவையே கழற்றிவிட்டது. முன்பெல்லாம் அங்கே மதிக்க வேண்டியவரைப் பட்டத்தைச் சொல்லித்தான் பேச வேண்டும்: “டாக்டருக்கு காபி வேண்டுமா?” என்று, டாக்டரிடமே. 1967-ல் தேசிய மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற புரூர் ரெக்செட், ஊழியர் எல்லோரையும் பெயர் சொல்லி, ‘டூ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே வீசிக்கொண்டிருந்த காற்றுதான். அவர் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளில் பெரியவர், சிறியவர், மேலதிகாரி என எல்லோருக்கும் ஒரே ‘டூ’.

பிறகு கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் சிலர், வாடிக்கையாளருக்கு மரியாதை தர நினைத்து, ‘நீங்கள்’ என்ற பழைய பன்மைச் சொல்லை மீண்டும் எடுத்தார்கள். அந்தச் சொல்லின் ஒலி ‘நீ’. ஆம், நம் ‘நீ’ போலவேதான். தற்செயல் ஒற்றுமை.

வயதானவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுடைய இளமைக்காலத்தில், பட்டம் எதுவும் இல்லாதவரை மேலிருந்து அழைத்த சொல் அது. மரியாதை என்று நினைத்து இளைஞன் சொல்கிறான். எதிரே நிற்கும் மூதாட்டியின் காதில் அந்தப் பழைய அலட்சியமே விழுகிறது.