சல்லடையை ஏமாற்றிய சிப்பித் துண்டு

வணக்கம். கான்கிரீட் கலவையை அடுக்கடுக்காகப் பிழிந்து தூண் எழுப்பும் என் அச்சு இயந்திரம், நேற்று இரவு ஒரு முறைகூட அடைபடாமல் 22 அடுக்குகளை ஏற்றி முடித்தது. சென்ற காணொளியில் 14ஆம் அடுக்கில் தூண் ஒருபக்கமாகச் சரிய, நான் கரண்டியும் கையுமாக நின்றதைப் பார்த்தவர்களுக்கு, இந்த 22 எவ்வளவு பெரிய எண் என்பது தெரியும்.

ஆனால் இன்று என்னைக் கேமராவின் முன் உட்கார வைத்தது எரிச்சல்தான். கடல் உயிரிகள் ஒட்டி வளர்வதற்காகக் கடலடியில் இறக்கும் செயற்கைப் பாறைத்திட்டுகளுக்கென விற்கப்படும் ஒரு கலவையின் விளம்பரத்தில், அச்சிடப்படுவதாலேயே அது பசுமையானது என்று எழுதியிருந்தார்கள். அச்சுக்கலவையில் பெரிய ஜல்லியைச் சேர்க்க முடியாது, கலவை வெளிவரும் முனையான நாசில் அடைத்துக்கொள்ளும். ஜல்லி இருந்திருக்க வேண்டிய இடத்தை மணலும் சிமென்ட் பசையும் நிரப்புவதால், ஒரு கன மீட்டருக்கு வழக்கமான கான்கிரீட்டில் உள்ளதைவிட இதில் பெரும்பாலும் கூடுதலான சிமென்ட்தான் இருக்கிறது. அந்தச் சிமென்ட்டோ, சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டுப் பெறப்படுவது. சூளையின் எரிபொருள் வெளியிடுவதைவிட, சுடப்படும் கல்லே வெளியிடும் கரியமில வாயு அதிகம். உள்ளீடற்ற வடிவங்களை அச்சு எளிதாக்குகிறது, வார்ப்புப் பலகையை மிச்சப்படுத்துகிறது. கலவையின் பாவத்தை அது கழுவுவதில்லை.

ஆகவே என் கவனம் முழுவதும் கலவையின் மீதுதான். என் ஏழாவது கலவையில் மணலைப் பிணைக்கும் பொடியின் எடையில் 60 சதவீதம் இரும்பு உலைக்கசடு, அதாவது இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசட்டின் தூள்; மிச்சம்தான் சிமென்ட். கட்டடத்துக்கு இவ்வளவு கசடு சேர்த்தால் தொடக்க வலிமை மெதுவாக ஏறுகிறதே என்று பொறியாளர் தயங்குவார். கடலடியில் கிடக்கப்போகும் திட்டுக்கு மாடியும் இல்லை, அவசரமும் இல்லை. அதைவிட முக்கியமாக, உள்ளே இரும்புக் கம்பியே இல்லை. கம்பி துருப்பிடிக்காமல் காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை என்பதால், கம்பி இருக்கும் இடத்தில் கசட்டைச் சேர்த்து அதைக் குறைக்க அஞ்ச வேண்டும். கம்பியில்லாத் திட்டில் அந்த அச்சம் தேவையில்லை.

இப்போது சல்லடைக்கு வருகிறேன். அலுத்துக்கொள்ளாதீர்கள், இதற்காக நான்கு நாள்களைத் தொலைத்திருக்கிறேன். மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாக நொறுக்கிய சிப்பி ஓட்டை, 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்துச் சேர்த்தேன். இருந்தும் 8 மில்லிமீட்டர் நாசில் அடைத்தது. கழற்றிப் பார்த்தால், உள்ளே 6 மில்லிமீட்டர் நீளத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பாலம் கட்டியிருந்தன. சிப்பி ஓடு தட்டையாக உடைகிறது. ஒல்லியான துண்டு சல்லடையில் செங்குத்தாக நின்று நழுவிவிடுகிறது, அதன் நீளத்தைச் சல்லடை அளப்பதே இல்லை! கடைசியில் ஓட்டுத்தூளைக் கூழாங்கற்களுடன் ஓர் உருளையில் இட்டு மூன்று மணி நேரம் உருட்டினேன். முனைகள் மழுங்கி, நீளத் துண்டுகள் முறிந்து, தூள் ஏறத்தாழ மணலைப் போலவே ஓடியது. அந்த உருளையின் இரைச்சல் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. ஆனாலும் அதன்மீது எனக்கு அளவற்ற அன்பு.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: நொறுக்குவதற்கு முன் ஓடுகளை நன்றாக ஊறவைத்து, கழுவி, உலர்த்த வேண்டும். ஒட்டியிருக்கும் சதை சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். 14ஆம் அடுக்குச் சரிவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இன்னொரு காரணம், கசடு மிகுந்த கலவை இளகியே நின்றது. சிறிதளவு பென்டோனைட் களிமண் சேர்த்ததும், குழாய்க்குள் ஓடிய அதே கலவை வெளியே வந்து அசையாமல் கிடந்தவுடன் விறைத்தது. அடுக்குகளுக்கு இடையில் காத்திருந்தும் இதைச் சமாளிக்கலாம் என்பார்கள். எனக்கு அந்த வழி பிடிக்காது; காய்ந்த அடுக்கின் மேல் புது அடுக்கு சரியாக ஒட்டாமல், அந்தக் கோட்டிலேயே பிளவு தொடங்கும்.

விளம்பரத்தில் இருந்த மற்றொரு சொல் ‘நடுநிலை’, அதாவது அமிலமும் இல்லை, காரமும் இல்லை என்பது. காரம் ஏற ஏற உயரும் அளவான பி.எச்., கடல்நீரில் ஏறத்தாழ 8.1; புதிய சிமென்ட் கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள நீரில் அது 12க்கும் மேல். என் கசடுக் கலவையை உடைத்து, காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தேன். அதுவும் இளஞ்சிவப்பாகவே மாறியது. கசடு, சிமென்ட்டிலிருந்து வரும் சுண்ணாம்பில் ஒரு பகுதியைப் பயன்படுத்திக்கொள்வதால் காரம் கசிவது குறையும்; நடுநிலை என்பது வேறு. மேற்பரப்பு கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் காரம் இழந்தால்தான், இளம் உயிரிகள் ஒட்டத் தகுந்த தோல் உருவாகும். அப்படி ஒட்டுவதற்கு அச்சின் வரிவரியான மேடுகளே உதவுகின்றன. அவற்றைப் பூசி வழவழப்பாக்கும் படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சிமென்ட்டைத் தவிர்க்கும் வழிகளும் உண்டு. மொனாக்கோவின் லார்வோட்டோ கடல் காப்பகத்தில் 2017இல் இறக்கிய அச்சிட்ட திட்டுகளுக்கு டோலமைட் மணல் பயன்பட்டது. ஹாங்காங்கின் ஹொய் ஹா வான் கடல் பூங்காவில் 2020இல் வைத்தவை, அச்சிட்டுச் சுட்ட களிமண் ஓடுகள்.

என் 22 அடுக்குத் தூண் இப்போது ஈரச் சாக்குக்குள் இருக்கிறது. கசடு தாமதமாகவே வலுப்பெறும் என்பதால், வழக்கமான 28ஆம் நாளில் அதை உடைக்கப்போவதில்லை. 56ஆம் நாளில் பக்கவாட்டில் அழுத்தி, அடுக்குக் கோட்டில் பிளக்கிறதா, அதற்கு வெளியே பிளக்கிறதா என்று உங்கள் முன்னிலையிலேயே பார்க்கிறேன்.