மால்டா: 870-க்குப் பிறகு யார் இருந்தார்கள்?

அவையோருக்கு வணக்கம்.

சிசிலிக்குத் தெற்கே கிடக்கும் சுண்ணாம்புக்கல் தீவு மால்டா. பக்கத்துக் கோஸோவையும் சிறு திட்டுகளையும் சேர்த்தாலும் 316 சதுர கிலோமீட்டர்தான். 870-இல், இன்றைய துனீசியாவை ஆண்ட அக்லபிகளின் படை அதைக் கிரேக்கம் பேசிய கிழக்கு ரோமானியரான பைசாந்தியரிடமிருந்து பிடித்தது. தேவாலயத்துப் பளிங்கைப் பெயர்த்துக் கப்பலேற்றி, துனீசியாவின் சூசா நகரில் ஒரு கோட்டைக்குப் பதித்தார்கள். அதற்குப் பிறகு தீவில் யார் இருந்தார்கள்? ஆய்வாளர்களின் சண்டையே அங்கேதான்.

அல்-ஹிம்யரி என்ற அரபு நிலநூலார், தீவு பாழாய்க் கிடந்தது என்கிறார். கப்பலுக்கு மரம் வெட்டுவோர், மீனவர், தேன் எடுப்போர் வந்துபோனார்களாம். ஹிஜ்ரி 440-இல், அதாவது 1048-49-இல், முஸ்லிம்கள் குடியேறி நகரைக் கட்டினார்களாம். ஆனால் அவர் எழுதியது பல நூற்றாண்டு கழித்து.

அவருக்குச் சாட்சி சொல்ல ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. மால்டா, கோஸோ என்ற தீவுப்பெயர்கள்தான் அரபுக்கு முந்திய பழசு. நகரத்தைக் குறிக்கும் மதீனா என்ற அரபுச் சொல் 'இம்தினா' ஊராயிற்று. புறநகரைக் குறிக்கும் ரபத் என்ற சொல் 'ரபாத்' ஊரானது. துறைக்குப் பெயர் 'மர்ஸா'. பழைய குடி பெருந்திரளாக நீடித்திருந்தால், ஏதோ ஒரு வயலிலாவது ஓடையிலாவது கிரேக்கப் பெயர் நிறைய ஒட்டியிருக்க வேண்டாமா? பேச்சும் அப்படித்தான். சிசிலி அரபியிலிருந்து வந்தது மால்டிய மொழி. கத்தோலிக்கர்களான மால்டியர்கள் தங்கள் தவக்காலத்தை 'ரந்தான்' என்கிறார்கள். ரமதான் என்ற சொல்தான் அது.

மண்ணைத் தோண்டுவோர் இதை முழுதாக ஏற்பதில்லை. இம்தினாவில் 10, 11-ஆம் நூற்றாண்டுப் பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. பானையோட்டைக் கொண்டு துல்லியமாக ஆண்டு சொல்ல முடியாது. ஐம்பது, நூறு ஆண்டு முன்பின் ஆகும். 1040-இல் உடைந்ததா, 1060-இல் உடைந்ததா என்று அது சொல்லாது. என் கணிப்பு: தீவு அடியோடு காலியாகவில்லை, ஆனால் மொழியைக் காக்கும் அளவுக்கு ஆளும் இல்லை.

இன்னொரு பிழையும் புழக்கத்தில் உண்டு: 1091-இல், சிசிலியை ஆண்ட நார்மன் பிரபு ரோஜர் வந்து மால்டாவைக் கிறித்தவத்துக்கு மீட்டார் என்பது. அவர் திறை பேசி, கிறித்தவக் கைதிகளை விடுவித்து, சிசிலிக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கைதிகளும் தத்தம் நாட்டுக்குப் போனார்கள்; அவர்கள் மால்டாக்காரர்கள் அல்லர். நிலையான நார்மன் ஆட்சி அவர் மகன் இரண்டாம் ரோஜர் 1127-இல் வந்த பிறகுதான்.

அதன் பிறகும் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதற்குக் கோஸோ அருங்காட்சியகத்தில் ஒரு கல் நிற்கிறது. மைமூனா என்ற பெண்ணின் நினைவுக்கல்; அவள் இறந்த நாள் ஹிஜ்ரி 569, ஷஅபான் 16, அதாவது 1174. கூஃபி என்ற பழைய அரபு எழுத்து முகப்பில். சுற்றி வந்து பின்புறம் பாருங்கள், ரோமானியச் செதுக்கல். மால்டாவில் பளிங்கு விளையாது. பழைய கட்டடத்துக் கல்லைத் திருப்பிப்போட்டு வெட்டியிருக்கிறார்கள். அவள் குடும்பத்துக்கு அதில் வெட்டியுள்ள பெயர் 'இப்னு அஸ்-சூசி'. மால்டாவின் பளிங்கு 870-இல் போய்ச் சேர்ந்த அதே சூசாவின் பெயர்.