தரியா தௌலத் சுவரில் துண்டான தலைகள்: நடந்ததா, வரைந்ததா?

வணக்கம். அல்சூரிலிருந்து ஒரு அம்மா கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். லீவுக்குப் பிள்ளைகளை ஸ்ரீரங்கப்பட்டணம் கூட்டிப் போனார்களாம். தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இருக்கும் போர்க்கள ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் பையன் கேட்டிருக்கிறான்: "தலையெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடக்கே, இது நிஜமாவே நடந்ததா? இதுல நம்ம ஆள் யாரு?" இதற்கு என்ன சொல்வது, சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்டலாமா என்று கேட்கிறார்கள்.

சண்டை நடந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர். பல்லவ மகேந்திரவர்மன் எதிரிகளை முறியடித்ததாகச் செப்பேடு சொல்லும் அதே ஊர்தான். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி குண்டூர்ப் பக்கத்திலிருந்து படையோடு வருகிறார். காஞ்சியில் நிற்கும் கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோவோடு போய்ச் சேர வேண்டும். சேரவிடாமல் திப்புவும் ஹைதர் அலியும் நடுவழியில் மடக்கிவிட்டார்கள். வெடிமருந்து வண்டி வெடித்ததும் கதை முடிந்தது. மன்றோ சில மைல் தூரத்தில்தான் இருந்தார், வரவில்லை. தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சியில் குளத்தில் தள்ளிவிட்டு ஊர் திரும்பினார். உயிரோடு பிடிபட்டவர்களை ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுபோனார்கள். பெய்லி 1782இல் அந்தச் சிறையிலேயே இறந்தார். அவரோடு பிடிபட்ட டேவிட் பேர்ட் 44 மாதம் கிடந்து, 1784இல் வெளியே வந்தார். 1799 மே 4 அன்று அதே ஊர்க் கோட்டையை உடைத்து நுழைந்த படைக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

சரி, இப்போது சுவருக்கு வருவோம். மாளிகை கட்டியது 1784இல். அதாவது ஜெயித்து, சமாதானம் பேசி, கைதிகளை விட்ட பிறகு, ஜெயித்தவர் தன் வீட்டுச் சுவரில் வரையச் சொன்ன படம் அது. மேற்குச் சுவரில் ஒரு பக்கம் ஊர்வலம், மறுபக்கம் புள்ளலூர். நடுவில் சிவப்புச் சட்டை போட்ட கம்பெனிப் படையினர் சதுரமாக நெருக்கியடித்து நிற்கிறார்கள், மேலே வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. சுற்றிலும் குதிரைகள், ஈட்டிகள், அந்தத் தலைகள். உள்ளே ஒரு பல்லக்கு. அடிபட்ட பெய்லி அதில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். பாரசீக ஓவிய மரபில் வாயில் விரல் வைத்தால் திகைப்பு என்று அர்த்தம், நாம் மூக்கில் விரல் வைப்பதுபோல. அதனால் அன்றைக்குப் பெய்லி நிஜமாகவே விரலைக் கடித்தாரா என்று தேடக்கூடாது. இந்தப் பக்கம் பாருங்கள், இத்தனை ரகளைக்கும் நடுவில் திப்பு ஒரு ரோஜாவை முகர்ந்துகொண்டிருக்கிறார்! போர்க்களத்தில் யாருக்கு ரோஜா கிடைக்கும்? என் தலைவன் அலட்டிக்கொள்ளவில்லை, எதிரி ஆடிப்போய்விட்டான் என்பதை ஓவியர் அந்த இரண்டு கைகளை வைத்தே சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. இன்று நாம் பார்ப்பது அப்படியே 1784இன் கோடுகள் அல்ல. நடுவில் அழிந்ததை, திப்பு இறந்த பிறகு அந்த மாளிகையில் தங்கிய ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி திரும்ப எழுதவைத்தார். அப்புறம் 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி மறுபடி தீட்டச் சொன்னார். தங்கள் படை தோற்ற படத்தைத் தாங்களே புதுப்பித்திருக்கிறார்கள். பெருந்தன்மை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசியில் ஜெயித்துவிட்டவனுக்குப் பழைய தோல்வியும் காட்சிப்பொருள்தான். "எங்களை என்ன பாடு படுத்தினான் பாருங்கள்" என்று காட்டவும் அது உதவும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. கே.ஆர். மார்க்கெட் பக்கத்துக் கோட்டையில், இந்த இடத்தில் சுவரை உடைத்துத்தான் 1791 மார்ச் 21இல் ஆங்கிலேயப் படை நுழைந்தது என்று ஒரு கல் பதித்திருப்பார்கள், போகும்போது பாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் 7இல், பேட்டை, அதாவது கோட்டைக்கு வெளியே இருந்த பழைய ஊரின் வாசலைப் பிடிக்கும் சண்டையில் மெட்ராஸ் பீரங்கிப் படையின் கர்னல் மூர்ஹவுஸ் இறந்தார். அந்தப் படையெடுப்போடு வந்த ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் அதை வரைந்தார். அதில் மூர்ஹவுஸ் சாய்ந்து கிடக்கிறார், தோழர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள். சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவை மடியில் தாங்கும் பழைய அமைப்பு அது. ஜெனரல் உல்ஃப் கியூபெக்கில் இறந்ததை 1770இல் பெஞ்சமின் வெஸ்ட் அப்படி வரைந்து பெரும் பெயர் வாங்கினார். அந்தப் படத்தில் நிற்கும் பலர் அன்று அங்கே இல்லவே இல்லை. அதற்குப் பிறகு இங்கிலாந்து அதிகாரி எங்கே செத்தாலும் படத்தில் தியாகிதான். பேட்டையைக் காத்துச் செத்தவர்களுக்கு அந்த வெளிச்சம் விழாது.

பிணைக்கைதிகள் படம் இன்னும் தந்திரமானது. 1792 பிப்ரவரியில் திப்புவின் பாதி நாடும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும் கேட்டு, அதற்கு ஈடாக அவருடைய பிள்ளைகள் இருவரை கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிணையாக வாங்கிக்கொண்டார். ஒருவனுக்குப் பத்து வயது இருக்கும், மற்றவனுக்கு எட்டு. அதை ஹோம் வரைந்தார், இந்தியாவுக்கே வராத மாதர் பிரவுன் லண்டனில் இருந்தபடியே வரைந்தார். எல்லாவற்றிலும் காரன்வாலிஸ் அன்பான பெரியப்பா மாதிரி இருப்பார். பிள்ளைகளைக் கேட்டு வாங்கியவரே அவர்தான் என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. 1781இல் அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்த பெயர் அவருக்கு. இப்படி ஒரு படம் தேவைப்பட்டது.

நம் கோயில் சுவர்களில் சமணரைக் கழுவேற்றும் படங்களையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். கதை நடக்கும் காலம் ஏழாம் நூற்றாண்டு, சேக்கிழார் பாடியது பன்னிரண்டில், ஓவியமானது இன்னும் பல நூற்றாண்டு கழித்து. அந்தப் படம் அதை வரையச் சொன்னவர்களின் காலத்துக்குத்தான் நல்ல சாட்சி.

இப்போது, "நம்ம ஆள் யாரு?" அல்சூரிலிருந்து கேட்பதால் சொல்கிறேன். பெய்லியின் படையில் பெரும்பகுதி வெள்ளைக்காரர் இல்லை, கம்பெனி மெட்ராஸில் சம்பளத்துக்கு எடுத்த சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். செத்தவர்களிலும் அவர்கள்தான் அதிகம். 1809இல் படை முகாம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாறியபோது அந்த மெட்ராஸ் படையோடும், படைக்குச் சாமான் விற்கவும், கட்டடம் கட்டவும் வந்த தமிழர்கள்தான் கன்டோன்மென்ட்டில் குடியேறினார்கள். அல்சூரில் எத்தனையோ குடும்பங்களின் கதை அங்கே தொடங்குகிறது. அதனால் பையனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: நம்ம ஆட்கள் அந்தச் சதுரத்துக்குள்ளும் இருந்தார்கள், திப்பு பக்கமும் இருந்திருப்பார்கள். திப்புவுக்கு முகம் இருக்கிறது, பெய்லிக்கு இருக்கிறது. சிப்பாய்க்கு இரண்டு பக்கத்துப் படங்களிலும் சட்டையும் தொப்பியும்தான்.

காட்டலாமா என்றால், தாராளமாகக் காட்டலாம். டிவியில் அவன் பார்க்காத ரத்தமா? போட்டோ எடுக்காமல் நின்று பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ஹோம் வரைந்த படத்தை லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் எடுத்துக் காட்டுங்கள். இரண்டு படத்திலும் யார் முகம் தெளிவாகத் தெரிகிறது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். அடுத்து யஷ்வந்த்பூரிலிருந்து நடுகல் பற்றி ஒரு கேள்வி, அதைப் பார்ப்போம்.