பழைய டீசல் வண்டியில் ஏர் எடுக்கும் முறையும், காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியும்

[காட்சி: கடலூர்–புதுச்சேரி சாலை. முள்ளோடைக்குச் சற்று முன்பாக ஓரங்கட்டி நிற்கும் பழைய மினி லாரி.]

புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதால், கடலூர்ப் பக்கத்து வண்டிகள் சில, டேங்க் வற்றும் நிலைக்கு வரும்வரை ஓடி, முள்ளோடை எல்லையைத் தாண்டிய பிறகே டீசல் போட்டுக்கொள்கின்றன. அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினால் வண்டி வழியிலேயே நின்றுவிடும். பிறகு கேனில் டீசல் வாங்கிவந்து ஊற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. எரிபொருள் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டதே காரணம். அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம்.

பழைய டீசல் எஞ்சினில், பம்ப் டீசலை ஏறத்தாழ 120 முதல் 200 பார் (அழுத்த அலகு) வரையிலான அழுத்தத்துக்குக் கொண்டுபோனால்தான், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனையான நாசில் திறக்கும். டீசல் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். வாயை விரலால் அடைத்த சைக்கிள் பம்பை அழுத்தினால் கைப்பிடி உள்ளே போய்த் திரும்பி வருவதைப் போல, பம்புக்குள் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சர் காற்றைச் சுருக்கி விரியவிட்டுக்கொண்டே இருக்கும், நாசிலுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இங்கே நாம் காட்டுவது இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர்கள் வரிசையாக உள்ள பம்ப்) உள்ள வண்டி. 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிய பெங்களூரு மைக்கோ நிறுவனத்தின் பம்புகள் இவ்வகை வண்டிகளில் ஏராளம். எல்லா நாசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் எஞ்சினில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும் என்பதால், அதன் குழாய்களை இந்த முறையில் ஒருபோதும் தளர்த்தக் கூடாது.

[காட்சி: டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்பும் சிறிய ஃபீட் பம்பும் அதன் கைப்பிடியும், நெருக்கத்தில்.]

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டேங்கில் போதிய டீசல் ஊற்றிய பின், டீசல் ஃபில்டரின் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்குரூவைச் சுற்றியும் தூசி இல்லாமல் துடைத்துவிட்டு, அதைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியைத் திருகி விடுவித்து மேலும் கீழும் அடியுங்கள். முதலில் நுரை வரும். குமிழி முற்றிலும் நின்று டீசல் மட்டும் ஒழுகும்போது, கை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்க வேண்டும். அடுத்ததாக, இன்லைன் பம்பின் மேலுள்ள ஸ்குரூவிலும் இதையே செய்யுங்கள். டேங்க் பக்கத்திலிருந்து நாசில் பக்கம் என்ற இந்த வரிசையை மாற்றினால், பின்னால் தங்கிய காற்று மறுபடியும் முன்னால் வந்து சேரும். முடிந்ததும் ஃபீட் பம்பின் கைப்பிடியை முழுமையாகத் திருகி மூடுங்கள். பாதியில் விட்டால் அதுவே காற்று நுழையும் வழியாகிவிடும்.

இதற்குப் பிறகும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை நாசில் முனையில் அரைச் சுற்று தளர்த்தி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம்; இடையில் மோட்டார் ஆறட்டும். டீசல் துடித்து வரத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பது சிலருக்குப் பழக்கம். உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; அப்படி நேர்ந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

[காட்சி: டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை செல்லும் குழாய்.]

டீசல் தீர்ந்து நின்ற வண்டிக்கு இவ்வளவு போதும். டீசல் இருக்கும்போதே அடிக்கடி ஏர் பிடிக்கிற வண்டியில், ஒவ்வொரு முறையும் ஏர் எடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட பகுதி டீசலை உறிஞ்சும் பகுதி என்பதால், அங்கே ஓட்டை இருந்தாலும் ஓடும்போது வெளியே ஒரு சொட்டுகூட வடியாமல் காற்று மட்டும் உள்ளே போகக்கூடும். வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்ட இணைப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். உப்புக்காற்று படும் கடலோர வண்டிகளில் இரும்புக் குழாய் துருப்பிடிப்பதும் உண்டு.

இவற்றில் ஏமாற்றக்கூடியது, டேங்குக்குள் தொங்கும் உறிஞ்சு குழாயில் நடுவே விழுந்த சிறு துளை. டேங்க் நிறைந்திருக்கும்போது துளை டீசலுக்குள் மூழ்கியிருப்பதால் வண்டி நன்றாக ஓடும். பாதிக்குக் கீழே இறங்கியதும் ஏர் பிடிக்கும். ஓட்டுநரோ, கடைசியாக டீசல் போட்ட பங்க்கைத் திட்டிக்கொண்டிருப்பார்.

சோதிப்பது எளிது. ஃபீட் பம்புக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு துண்டு ஒளி ஊடுருவும் ஹோஸை மாட்டி, எஞ்சினை ஓட்டிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, ஃபீட் பம்பைச் சுத்தமான டீசல் கேனிலிருந்து நேரடியாக உறிஞ்ச விடுங்கள். குமிழி நின்றுவிட்டால் குறை டேங்க் பக்கம். நிற்காவிட்டால் அந்த இணைப்பிலோ ஃபீட் பம்பிலோ இருக்கிறது.