சாளக்கிராமம்: கோயிலுக்கு முன்னால் ஓர் ஆறு

நேயர்களுக்கு வணக்கம்.

சாளக்கிராம யாத்திரை பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்தத் தலம். அங்குள்ளவர்கள் முக்திநாத் என்கிறார்கள். ஆரல்வாய்மொழி தாண்டிப் போகும்போது நாம் அண்ணாந்து பார்க்கிற மகேந்திரகிரி 1,654 மீட்டர். அதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான உயரம்.

ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு உண்டு: திருவட்டாறும் திருப்பதிசாரமும். இரண்டையும் நம்மாழ்வார் பாடினார். வடக்கே அந்தப் பனிமலைத் தலத்தைப் பாடியவர் திருமங்கையாழ்வார். "சாளக்கிராமம் அடை நெஞ்சே" என்று பாட்டுக்குப் பாட்டு அவர் தம் நெஞ்சை அங்கே அனுப்பி வைக்கிறார்.

ஆனால் நமக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு பாசுரத்தோடு முடிந்துவிடவில்லை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். மூன்று வாசல்கள் வழியாகத்தான் அவரை முழுதாகத் தரிசிக்க முடியும். கருங்கல்லில் வடித்த திருமேனி அல்ல அது. மண், மூலிகை, பிசின் முதலியவற்றைக் குழைத்துச் செய்யும் கடுசர்க்கரை யோகத்தில் அமைந்தது. அதற்குள்ளே 16,008 சாளக்கிராமக் கற்கள் இருப்பதாக மரபு சொல்கிறது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூலையில் நடந்த கும்பாபிஷேகத்துக்கு ஊரே திரண்டதே, அன்று நாம் கைகூப்பி நின்றது இமயத்து ஆறு ஒன்றின் கற்களுக்கும் முன்னால்தான். முக்திநாத் மலைக்குக் கீழே ஓடும் காளி கண்டகிதான் அந்த ஆறு; சாளக்கிராமக் கற்கள் கிடைப்பது அதில்தான். ரயிலும் லாரியும் இல்லாத காலத்தில் அத்தனை கற்களையும் எத்தனை பேர் சுமந்து வந்தார்களோ!

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்திலிருந்து குழுவாகப் போகிறவர்களில் பலர் அந்த ஆற்றைச் சரியாகப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஜீப்பில் ஏறுகிறார்கள், குளிக்கிறார்கள், கும்பிடுகிறார்கள், மறுபடியும் ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். ஆறு ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைகிறது. எனக்கு இது தாங்க முடியாத வருத்தம்.

சாளக்கிராமத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கரிய, வழவழப்பான உருண்டைக் கல். சில கற்கள் தாமாகவே பிளந்து கிடக்கும். உள்ளே ஒரு சுருள். அதன் முதுகில் நெருக்கமாக வரிவரியான மேடுகள். விரல் நுனியால் தடவினால் ஒவ்வொரு வரியும் தட்டுப்படும். வெளியிலிருந்து நடுவுக்குப் போகப் போகச் சுருள் சிறுத்துக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடிகிறது. இதைத்தான் திருமாலின் சக்கரம் என்று நம் முன்னோர் கண்டார்கள். தானே தோன்றிய வடிவம் என்பதால் இதற்குப் பிராணப் பிரதிஷ்டை, அதாவது மந்திரத்தால் தெய்வ உயிரூட்டும் சடங்கு, வேண்டியதில்லை என்பது வைணவ மரபு.

நிலவியலாளர்களைக் கேட்டால், இது அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு பதிந்த கல் என்பார்கள். பதினான்கு கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அந்தக் காலத்தில் இமயமலை கிடையாது. அங்கே டெதிஸ் என்ற கடல் இருந்தது. தெற்கிலிருந்து நகர்ந்து போன நம் நிலத்தட்டு ஆசியாவோடு மோதியது. கடலடிச் சேறு மடிந்து எழும்பி மலையானது. குளச்சலிலும் முட்டத்திலும் வலையில் வருகிறதே கணவாய், அந்த இனத்துக்குத் தூரத்து உறவு இந்த அம்மோனைட். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இத்தனை மைல் கடந்து, இத்தனை உயரம் ஏறிப் போனால், அங்கே நமக்காகக் காத்திருப்பதும் கடல்தான்.

வஜ்ரகீடம் என்ற சிறு புழு கல்லைக் குடைந்து சக்கரம் வரைந்தது என்கிறது புராணம். ஒரு சிறு உயிர் செய்த வேலை இது என்பதில் புராணமும் நிலவியலும் ஒன்றுபடுவதை எண்ணி எண்ணி வியக்கிறேன். ஒன்றைச் சொன்னால் மற்றொன்றுக்குக் குறைவு வந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டாம்.

இனி கோயில். ராணிபவுவா என்ற ஊர் வரைக்கும் ஜீப் போகும். அதற்கு மேல் நடை; முடியாதவர்களுக்குக் குதிரை. கோபுரம், பிராகாரம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அடுக்குக் கூரை வேய்ந்த சிறிய கோயில்தான். அதன் பின்புறம் அரைவட்டமாக 108 காளைமுகத் தாரைகளிலிருந்து பனி உருகிய நீர் கொட்டுகிறது. ஒரு தாரைக்கு ஒரு திவ்ய தேசம் என்று நம்மவர்கள் எண்ணுவது வழக்கம். அந்தக் கணக்கில் திருவட்டாற்றுக்கும் ஒன்று, திருப்பதிசாரத்துக்கும் ஒன்று. சந்நிதியில் பௌத்தத் துறவிப் பெண்களைப் பார்க்கலாம். நாம் திருமாலாக வணங்கும் மூர்த்தியை அவர்கள் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரராக வணங்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடக்கிறது. பக்கத்திலேயே ஜுவாலா மாயி கோயில். பாறை இடுக்கிலிருந்து வரும் இயற்கை வாயு நீல நிறச் சுடராக எரிகிறது. அருகிலேயே நீரோட்டத்தின் ஓசை.

வயதானவர்களும் அவர்களை அழைத்துப் போகும் பிள்ளைகளும் இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. மலைப்பயணம் தொடங்கும் போக்ரா நகரமோ 800 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. காலையில் அங்கே விமானம் ஏறினால் இருபது நிமிடத்தில் ஜோம்சோம், 2,700 மீட்டர். அங்கிருந்து ஜீப்பில் ஏறினால் மதியத்துக்குள் சந்நிதி. நேரம் மிச்சம்தான். ஆனால் உடம்பு இன்னும் போக்ராவிலேயே இருக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள். அவை அதிகமானால் உடனே கீழே இறங்கிவிடுங்கள். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். 108 தாரைகளிலும் ஓடி ஓடி நனைந்தே தீர வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டாலும் பெருமாள் ஏற்றுக்கொள்வார்.

திருவனந்தபுரத்திலிருந்து ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் கோரக்பூர் வரைக்கும் போகிறது. அங்கிருந்து சுனௌலி எல்லை, பிறகு போக்ரா. நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்கட்டும். மார்ச் முதல் மே வரையும், மழை விட்டபின் அக்டோபர், நவம்பரும் நல்ல காலம். மழைக்காலத்தில், போக்ராவிலிருந்து போகும் வழியில் உள்ள பேனி என்ற ஊருக்கு மேலே மண் சரிந்து பாதை அடைபடும்.

ஜோம்சோமுக்கும் முக்திநாத்துக்கும் இடையில் காக்பேனி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே இறங்கி ஓர் இரவாவது தங்கிவிடுங்கள். உடம்பும் உயரத்துக்குப் பழகும். முக்திநாத் பக்கமிருந்து இறங்கும் சிற்றாறு அங்கேதான் காளி கண்டகியில் சேர்கிறது. ஆடி அமாவாசைக்கு நாம் கன்னியாகுமரிக் கடலிலும் குழித்துறை ஆற்றிலும் பலிதர்ப்பணம் கொடுப்பதைப்போல, காக்பேனிச் சங்கமத்தில் முன்னோர்க்குப் பிண்டம் வைக்கிறார்கள். உச்சிவேளைக்குமேல் அந்தப் பள்ளத்தாக்கில் நிற்க முடியாத அளவுக்குக் காற்று வீசும். விமானங்கள்கூடக் காலையில் மட்டுமே பறக்கும். ஆகவே விடிந்ததும் ஆற்றுக்குள் இறங்கிவிடுங்கள். அகலமான கூழாங்கல் படுகையில் நீர் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும். குனிந்து பார்த்தபடியே நடங்கள். சக்கரம் உள்ள கல் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. கிடைக்காவிட்டாலும் அந்த நடை யாத்திரைதான். அதை முடித்துவிட்டு மேலே ஏறுங்கள். கோயில் மாலை வரை திறந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.