கடவுளிடம் பட்ட கடன்

(பட்டிமன்றத் தலைப்பு: இறை நம்பிக்கை மனிதனைச் செயலில் இறக்குகிறதா, செயலிலிருந்து விலக்குகிறதா? ‘செயலில் இறக்குகிறது’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் பொறுமையாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நானும் தட்டினேன். நன்றாகப் பேசினால் தட்டத்தான் வேண்டும். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை. ‘எல்லாம் அவன் செயல் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவனே பக்தன்’ என்றார் அவர். அப்படிப்பட்டவரை எனக்கும் தெரியும். ஆனால் நடுவர் அவர்களே, அந்த மனிதரைச் சற்று உற்றுப் பாருங்கள். தனக்குப் பசித்தால் ‘அவன் செயல்’ என்று உட்காருகிறாரா? சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனால் ‘அவன் சித்தம்’ என்று சும்மா இருக்கிறாரா? அலுவலகத்தையே இரண்டாக்கிவிடுவார். அடுத்தவன் பசிக்கு மட்டும்தான் அவருக்கு அந்த வசனம் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பெயர் சோம்பல். சோம்பல் திருநீறு பூசிக்கொண்டாலும் தொப்பி வைத்துக்கொண்டாலும் சிலுவை அணிந்துகொண்டாலும் சோம்பல்தான். அதைக் கொண்டுவந்து பக்தியின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸில் இருக்கிறது. கயிறு மனிதன் கையில்தான் என்று சொல்லிவிட்டுத்தான் நம்பிக்கையே தொடங்குகிறது.

சகோதரி ஒரு குறளையும் எடுத்துவிட்டார். ‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.’ தெய்வம் கைவிட்டாலும் உழைப்பு கைவிடாது என்றார். அழகான குறள், மறுக்க நான் யார்? ஆனால் அதில் இருக்கும் ஒரு சொல்லை அவர் வேகமாகத் தாண்டிப் போனார். கூலி. உடம்பை வருத்தினால் அந்த வருத்தத்துக்கு உரிய கூலி கிடைக்கும் என்கிறார் வள்ளுவர். சரி, கூலியே கிடைக்காத வேலையை யார் செய்வது? நன்றி சொல்ல ஆள் இல்லாத இடத்தில், பார்க்க ஒருவரும் இல்லாத நேரத்தில், தோற்பது உறுதி என்று தெரிந்த பிறகும் ஒருவனை எழுப்பி நிறுத்துவது எது? இன்றைய வழக்கே அதுதான் என்கிறேன்.

அதற்குத் தமிழில் ஒரு சொல் உண்டு. கடன். ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர், கையில் ஓர் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். அவர் பாடினார்: ‘தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே.’ கணக்கை எப்படிப் பிரிக்கிறார் பாருங்கள். தாங்குவது அவன் பொறுப்பு. அதில் நான் தலையிட மாட்டேன். பணி என் பொறுப்பு. அதை அவன் தலையில் கட்ட மாட்டேன். ‘செய்வதே’ என்று சொல்லியிருக்கலாம். ‘செய்து கிடப்பதே’ என்கிறார். முடித்துவிட்டு எழுந்து போகிற வேலை இல்லையாம் அது.

கடன் என்றால் திருப்பித் தர வேண்டியது. கடன் என்றால் செய்தே தீர வேண்டியது. காலைக்கடன் என்கிறோம். இன்று மனநிலை சரியில்லை, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப்போட்டவர் இந்த அரங்கில் எவரேனும் உண்டா? (சிரிக்கிறீர்கள், புரிந்துவிட்டது.) இரக்கத்தை மனநிலையிடமிருந்து பிடுங்கிக் கடனுக்கு மாற்றிவிடுகிறது நம்பிக்கை. இரக்கம் காலையில் வரும், மாலையில் போகும். கடன் போகாது.

இஸ்லாத்தில் ஜகாத் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் செல்வம் ஓர் ஆண்டு கையில் தங்கினால், நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டரை, கொடுத்தாக வேண்டும். மனம் இளகினால் கொடு என்று இல்லை. எண்ணிப் பார்த்துக் கொடு என்கிறது. அந்தப் பங்கு ஏழையின் உரிமை என்கிறது குர்ஆன். உரிமை என்று ஆனவுடன் என்ன நடக்கிறது? வாங்குகிறவன் கூனிக் குறுக வேண்டியதில்லை. கொடுக்கிறவன் போட்டோவுக்கு நிற்கவும் வழியில்லை. கடன் அடைத்தவனுக்கு யார் மாலை போடுவார்கள்?

என் அனுபவம் ஒன்று. உறவினர் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் மதியம் ஒரு மூதாட்டி வருவார். ஆளில்லாமல் கிடக்கும் நோயாளிகளின் கட்டிலாகத் தேடிப் போவார். பழைய செய்தித்தாள் ஒன்றைக் காலடியில் விரிப்பார். ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்து, விரல் விரலாக நகம் வெட்டுவார். முடிந்ததும் அந்தத் தாளை ஒரு துணுக்கும் சிந்தாமல் நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கே காய்ச்சல், கை நடுங்கியது. ‘ஒரு வாரம் விட்டால் என்ன பாட்டி?’ என்று கேட்டேன். ‘இவர்களிடம் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம் தம்பி. நான் அவரிடமல்லவா சொல்லிவிட்டேன்’ என்றார். மேலே கூடக் கை காட்டவில்லை. அடுத்த கட்டில் எங்கே என்று பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் யாரைக் கும்பிடுகிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தோன்றவில்லை.

இப்போது எதிரணித் தலைவர் எறிந்த பெரிய கல்லுக்கு வருகிறேன். 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் நாற்பது பேர். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். சிலருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகிற வழியில் ஒருவர் வாசற்படியில் சாய்ந்து இருமிக்கொண்டு முனகுகிறார். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று விரட்டப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் நின்றார்கள். நேரம் இருந்தவர்களில் நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவரும் அந்த மனிதரைத் தாண்டிப் போனார். எப்படி நம்பினார்கள் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்த அளவுகளும் யார் நிற்பார் என்பதைச் சொல்லவில்லை. எதிரணித் தலைவர் சொல்ல மறந்ததையும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன். மறைத்து வெல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்த மாணவர்களைத் தாண்டிப் போக வைத்தது என்ன? அவசரம். வேதத்தைக் கரைத்துக் குடித்தவனைக்கூடக் கல்லாக்கும் வலிமை அதற்கு இருக்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் செய்தி. சரி, அவசரத்தை நிறுத்தும் வித்தையைப் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுப்பவர் யார்? ஏழாம் நாள் கையிலிருக்கும் வேலையைக் கீழே வை என்று ஓய்வுநாளை வைத்தது யூத மதம். வியாபாரம் நடுவில் இருந்தாலும் நாளுக்கு ஐந்து முறை எழுந்து வா என்கிறது தொழுகை அழைப்பு. மணி அடிக்கிறது, நிற்கிறான். விளக்கு ஏற்றுகிறாள், நிற்கிறாள். நிற்கப் பழகிய கால்தான் முனகல் கேட்டால் நிற்கும். வேதத்தைப் பாடமாக மட்டும் படித்தவன் ஓடுவான் என்று நிரூபித்திருக்கிறீர்கள். நன்றி. அது எங்கள் கட்சி.

நம்பிக்கை மனிதனை உலகத்திலிருந்து துறவுக்குத் தள்ளுகிறது என்றும் சொன்னீர்கள். 1785. இங்கிலாந்தில் ஓர் இளம் நாடாளுமன்ற உறுப்பினர், வில்லியம் வில்பர்போர்ஸ். பக்தி பற்றிக்கொள்கிறது; அரசியலை விட்டுவிடலாமா என்று தவிக்கிறார். ஒரு முதிய பாதிரியாரிடம் ரகசியமாகப் போய் யோசனை கேட்கிறார். போகாதே, இருந்த இடத்திலேயே இரு என்கிறார் அவர். இருந்தார். இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1807-இல், அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.

அந்தப் பாதிரியார் யார் தெரியுமா? ஜான் நியூட்டன். அடிமைக் கப்பலின் முன்னாள் தலைவர். எதிரணியினர் இதைக் கையில் எடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: 1748-இல் நடுக்கடல் புயலில் கடவுளைக் கூப்பிட்டு மனம் மாறியவர், அதற்குப் பிறகும் 1754 வரை மனிதர்களைச் சங்கிலியில் கட்டிக் கப்பலோட்டினார். ஜெபமும் செய்தார், சங்கிலியும் போட்டார். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு மூடப்படவில்லை. உள்ளுக்குள் வட்டி ஏறிக்கொண்டே போயிற்று. 1788-இல், கடலில் கூப்பிட்டு நாற்பது ஆண்டு கழித்து, தான் செய்ததையும் கண்டதையும் தன் பெயர் போட்டே அச்சிட்டு வெளியிட்டார். விசாரணையில் சாட்சியும் சொன்னார். மறந்துவிட்டு நிம்மதியாகச் சாக எல்லா வசதியும் இருந்த கிழவர் அவர். யார் கேட்டார்கள் அவரை?

இப்போது ஒரு சமையலறைக்கு உங்களை அழைத்துப் போகிறேன். 1956 ஜனவரி 27, அமெரிக்காவின் மாண்ட்கோமரி. நள்ளிரவு நெருங்குகிறது. பஸ்ஸில் கறுப்பினத்தவருக்குத் தனி இடம் என்ற கொடுமைக்கு எதிரான புறக்கணிப்பு இரண்டாவது மாதத்தில் இருக்கிறது. தலைமை தாங்கும் மார்ட்டின் லூதர் கிங்குக்கு வயது இருபத்தேழு. தொலைபேசி ஒலிக்கிறது. மூன்று நாளில் ஊரைக் காலி செய்யாவிட்டால் வீட்டைத் தகர்ப்போம் என்கிறது ஒரு குரல். மனைவியும் கைக்குழந்தையும் தூங்குகிறார்கள். தூக்கம் போன மனிதர் சமையலறைக்கு வந்து காபி போடுகிறார். கோப்பை மேசைமேல் அப்படியே இருக்கிறது, குடிக்கவில்லை. கோழை என்று பெயர் வாங்காமல் விலகிக்கொள்ள ஏதாவது வழி உண்டா என்று யோசித்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டு வாய்விட்டு வேண்டுகிறார்: என்னால் முடியவில்லை, என் பலம் தீர்ந்துவிட்டது. அந்த மேசையில் உள்ளே ஒரு குரல் கேட்டதாகவும், பயம் விலகியதாகவும் சொல்கிறார்.

‘அது பிரமை’ என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கட்டும். கடவுள் இருக்கிறாரா என்பது இன்றைய தலைப்பு இல்லை. நம்பியவன் எழுந்தானா, உட்கார்ந்தானா என்பதே தலைப்பு. மூன்றாம் நாள், ஜனவரி 30, சொன்னபடியே வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. மனைவியும் குழந்தையும் தப்பினார்கள். ஆத்திரத்தோடு ஆயுதங்களுடன் கூட்டம் கூடிவிட்டது. அந்தச் சிதறிய வாசலில் நின்று, ஆயுதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று திருப்பி அனுப்பினார் கிங். புறக்கணிப்பு 381 நாள் நடந்து வென்றது. மூன்று நாளுக்கு முன் ஓட வழி தேடிய மனிதர்!

கடைசியாக, ‘கடவுள் பெயரால் சிந்திய ரத்தத்துக்கு என்ன பதில்?’ என்று கேட்டீர்கள். பதில் இல்லை. தலை குனிகிறேன். 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்காமில் கிங்கின் ஆர்ப்பாட்டம் காலமறியாதது, விவேகமற்றது என்று அறிக்கை விட்ட எட்டுப் பேரும் மதகுருமார்கள்தான். அவர்களும் கும்பிட்டது அதே கடவுளைத்தான். அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றுதான்: செலவு யாருடையது என்று பார்க்கிறேன். கடவுள் பெயரைச் சொல்லி அடுத்தவன் கழுத்தில் கத்தி வைக்கிறவன், தன் கடனை அடுத்தவன் தலையில் எழுதுகிறவன். இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு எல்லையில், பதான்களின் நாட்டில், பழிக்குப் பழி என்பதே மானம் என்றிருந்த மக்களிடையே, அப்துல் கபார் கான் ‘குதாய் கித்மத்கார்’, கடவுளின் ஊழியர்கள், என்ற படையைத் திரட்டினார். கடவுளுக்கு நம் ஊழியம் தேவையில்லை, அவன் படைப்புக்குச் செய்வதே அவனுக்குச் செய்வது என்பது அவர்கள் உறுதிமொழி. வன்முறையும் பழிவாங்கலும் இல்லை என்று சத்தியம் வாங்கினார். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் பிரிட்டிஷ் படை சுட்டபோது, ஆயுதமில்லாமல் நின்றார்கள். துப்பாக்கி என்றால் என்னவென்று தெரியாத மக்களா அவர்கள்? அதைக் கையில் எடுக்காமல் இருக்கக் கொடுத்த விலை முழுவதும் அவர்களுடையது.

கடவுளை நம்பாத நல்லவர்கள் உண்டு, நம்மைவிட நல்லவர்கள் உண்டு. அவர்களை வணங்குகிறேன். அவர்களைக் காட்டி எங்கள் மூதாட்டியின் நகவெட்டியைப் பறிக்காதீர்கள் என்று மட்டும்…

நடுவர் மணி அடித்துவிட்டார். இன்னும் இரண்டு செய்திகள் குறிப்பில் இருக்கின்றன, மூன்றும்கூட இருக்கலாம். ஆனால் மணி கேட்டால் நிற்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசியவன் நான்தான். நிற்கிறேன். வணக்கம்.