கிளவுடோடு வரும் டூல் போதுமா, வெளியில் வாங்கணுமா?

சரி, அடுத்த கேள்வி. மதுரை இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை பார்க்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் கொடுக்கிற கம்பெனி, எல்லாமே அமேசான் கிளவுடில் மும்பை ரீஜியனில் ஓடுகிறது. "சர்வர்களைக் கண்காணிக்க அமேசானோடு வருகிற கிளவுட்வாட்சே போதும் என்கிறேன், மேனேஜர் வெளிக் கம்பெனியின் டேட்டாடாக் மாதிரி ஒன்றை வாங்கலாம் என்கிறார், எது சரி அண்ணே?"

தம்பி, ஒரே கிளவுடில் இருக்கும்வரை என் ஓட்டு உங்களுக்குத்தான். ஆனால் மேனேஜர் ஏன் கேட்கிறார் என்றும் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம், கடையில் நிற்க இடமில்லை, பில் போடுகிற ஸ்க்ரீன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நீங்கள் கிளவுட்வாட்சைத் திறந்தால் சிபியு 30 சதவீதம் என்று சாதுவாகக் காட்டுகிறது. நிரம்பிப்போனது மெமரி. இசி2, அதாவது அமேசானில் வாடகைக்கு எடுக்கிற சர்வர் மெஷினுக்குள் மெமரி, டிஸ்க் எவ்வளவு போயிருக்கிறது என்பது கிளவுட்வாட்சில் தானாக வராது, உள்ளே கிளவுட்வாட்ச் ஏஜென்ட் என்ற சின்ன புரோகிராமைப் போட்டால்தான் வரும். அதுபோக, சும்மா விட்டால் 5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் கணக்கு வரும், 1 நிமிடத்துக்கு வேண்டுமென்றால் டீடெயில்டு மானிட்டரிங்கை ஆன் செய்யணும், அதற்குத் தனிக் காசு. இதையெல்லாம் செய்யாமலே "இந்த டூல் சரியில்லை" என்ற முடிவுக்கு நிறைய பேர் வந்துவிடுகிறார்கள். வெளி டூல் வாங்கினாலும் அது முதலில் கேட்பது ஏஜென்ட் போடத்தான்.

லாக் குரூப்பையும், அதாவது சர்வர் எழுதுகிற பதிவுகள் சேருமிடத்தையும், ஒரு தடவை திறந்து பாருங்கள். நாள் வரம்பு வைக்காவிட்டால் லாக் அழியவே அழியாது, மாதாமாதம் பில்லில் ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம் வெளி டூல் எப்போது? மைக்ரோசாஃப்டின் அஜூருக்கோ கூகுள் கிளவுடுக்கோ பாதி வேலை போகிற அன்றைக்கு. இரண்டு டாஷ்போர்டு, இரண்டு அலாரம், இரண்டு விதமான பில் என்று ராத்திரி டியூட்டியில் இருப்பவர் அல்லாட வேண்டியிருக்கும், அங்கே ஒரே திரை நிஜமாகவே உதவும். ஆனால் விலையைச் சரியாகக் கணக்குப் போடுங்கள். டேட்டாடாக்கில் மெஷினுக்கு இவ்வளவு என்று டாலரில் வாங்குவார்கள், தீபாவளிக்கு நீங்கள் மெஷினைக் கூட்டினால் அந்தப் பில்லும் கூடும். டேட்டாடாக் கிளவுட்வாட்சிலிருந்து விவரத்தை இழுப்பதற்கு அமேசானும் உங்களிடம் காசு வாங்கும், இதை விலைப்பட்டியலில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. இலவசக் கண்காணிப்பு டூல்கள் கிராஃபானா, புரோமிதியஸ் இருக்கிறதே என்பீர்கள். லைசென்ஸ் காசு இல்லை, சரி, ஆனால் அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், சின்ன டீமில் அந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கோடிங் எழுதி மெஷின்களை உருவாக்குகிற வேலைக்கு மட்டும் நான் அமேசானின் கிளவுட்ஃபார்மேஷனைவிட, பல கிளவுடுக்கும் ஆகிற டெராஃபார்ம் வழியைத்தான் சொல்வேன், நாளைக்கு வேறு கிளவுடுக்குப் போனாலும் கற்றது வீணாகாது. அதற்காக அமேசானுக்கு எழுதிய கோடிங் அஜூரில் அப்படியே ஓடும் என்று நினைக்காதீர்கள். மொழி ஒன்று, உள்ளே எழுதுகிற ரிசோர்ஸ் (மெஷின், டிஸ்க் மாதிரியானவை) எல்லாம் வேறு. இன்னொன்று, வெளி டூலுக்கு முதலாளியும் மாறலாம், நிபந்தனையும் மாறலாம். டெராஃபார்மின் லைசென்ஸை, அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் மாற்றியது, அதனால்தான் ஓப்பன்டோஃபு என்ற டூல் அதிலிருந்து தனியாகப் பிரிந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் போனது, 2025இல் ஹாஷிகார்ப்பையே ஐபிஎம் வாங்கி முடித்தது. எழுதிய கோடிங்கை உங்கள் கிட் ரெப்போவில் (கோடிங்கையும் அதன் மாற்றங்களையும் சேமிக்கிற இடம்) வைத்திருந்தால் இதையெல்லாம் சமாளிக்கலாம்.

முதலில் ஏஜென்ட் போட்டு, மெமரிக்கு அலாரம் வைத்து, ஒரு மாதம் ஓட்டிவிட்டு மேனேஜரிடம் அந்த கிராஃபைக் காட்டுங்கள். அப்பவும் வெளி டூல்தான் வேண்டும் என்றால் ட்ரையல் எடுங்கள், தப்பில்லை. ஆனால் அமேசான் கணக்குக்குள் நுழைகிற அக்சஸ் கீயைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். படிக்க மட்டும் அனுமதி உள்ள ஐஏஎம் ரோல் (அமேசானில் வெளியாருக்குக் கொடுக்கிற அனுமதி), அதில் எக்ஸ்டெர்னல் ஐடி (அந்த டூல் கம்பெனிக்கான அடையாளக் குறி), அவ்வளவுதான். ட்ரையல் முடிந்து வேண்டாமென்று முடிவு செய்தால் அன்றைக்கே அந்த ரோலையும் அழித்துவிடுங்கள்.